விலை ஏறுவதற்குள் வருடச் சந்தா கட்டிவிடலாமா?

காட்பாடியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை நடத்தும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார், போகவர பாட்டுதான் துணை. மகள் வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் போகிறாள். மகன் பிளஸ் ஒன். கணவரும் மகளும் ஒரே பாட்டுச் செயலிக்குத் தனித்தனியாக மாதம் 119 ரூபாய் கட்டுகிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அது 149 ஆகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. வருடச் சந்தா இன்னும் பழைய விலையில், 1,190 ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடும்பத் திட்டம் மாதம் 229, மாணவர் திட்டம் 79 ஆகப் போகின்றன.

அவருடைய கேள்விகள் இவை. இப்போதே இருவருக்கும் ஆளுக்கொரு வருடச் சந்தா எடுத்துவிடலாமா? மகளின் தோழிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு குடும்பத் திட்டம் எடுக்கலாம் என்கிறார்களே, போலீஸ் கேஸ் ஆகுமா? டெலிகிராமில் ஒருவர் வருடத்துக்கு 399 ரூபாய்க்குத் தருகிறாராம், வாங்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அங்கிருந்து கட்டினால் மலிவாகுமா? "119 ரூபாய்க்குத்தானே பின் நம்பர் போட்டோம், எங்களைக் கேட்காமல் 149 எப்படி எடுப்பார்கள்?" என்றும் கோபமாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: ஒரு ரூபாய்க்கு ஒரு வாரம் என்று வேறொரு பாட்டுச் செயலியைப் போட்டுப் பார்த்தாராம், பிடிக்காமல் அழித்துவிட்டாராம், ஆனால் ஏழு மாதமாக 99 ரூபாய் போய்க்கொண்டிருப்பது பாஸ்புக் பதியும்போதுதான் தெரிந்ததாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது. புது விலையில் மாதாமாதம் கட்டினால் ஒருவருக்கு வருடத்துக்கு 1,788 ரூபாய். வருடச் சந்தா 1,190. ஆக, இவ்வளவு யோசித்து நீங்கள் மிச்சம் பிடிக்கப் போவது 598 ரூபாய். அழித்துவிட்டதாக நினைத்த செயலி ஏழு மாதத்தில் எடுத்தது 693 ரூபாய். விட்டுவைத்தால் வருடத்துக்கு 1,188. விலை ஏறுகிறது என்று கேட்டதும் நமக்குப் பதற்றம் வருகிறது, எதையாவது வாங்கத் தோன்றுகிறது. முதலில் செய்யவேண்டியது நிறுத்தும் வேலை.

அழித்த செயலி ஏன் பணம் எடுக்கிறது?

செயலியை போனிலிருந்து அழிப்பதும் சந்தாவை ரத்து செய்வதும் ஒன்று என்று பலரும் நம்புகிறார்கள். வழக்குக்கு என்று என்னிடம் வருகிறவர்களில் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யாமல் சாவியை மட்டும் தொலைத்த கதைதான் அது, வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு ரூபாய்க்குப் பின் நம்பர் போட்டபோது, மாதாமாதம் எடுத்துக்கொள்ளவும் சேர்த்துத்தான் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். திரையில் ஒரு ரூபாய் பெரிதாகவும் மற்றது பொடி எழுத்திலும் இருந்திருக்கும்.

நிறுத்துவதற்கு இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. இரண்டையும் செய்யுங்கள். முதலில் சந்தா எங்கே தொடங்கியதோ அங்கே ரத்து செய்யவேண்டும். கூகுள் பிளே வழியாகப் பணம் கட்டியிருந்தால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போங்கள். செயலியிலேயே நேரடியாகக் கட்டியிருந்தால் அதன் இணையதளத்தில் உள்நுழைந்து ரத்து செய்யுங்கள். அடுத்து, நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ செயலியில் ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதிகள் இருக்கும் பகுதியைத் திறந்து அந்த அனுமதியையே நீக்குங்கள். உங்களிடம் இரண்டு மூன்று யுபிஐ செயலிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். கணவர் போனிலும் மகள் போனிலும் அதே வேலை. பாட்டு மட்டும் என்று நினைக்காதீர்கள், சினிமா, ஜாதகம், ஆங்கிலப் பயிற்சி என்று என்னென்னவோ அங்கே உட்கார்ந்திருக்கும்.

சரி, போன 693 ரூபாய் திரும்ப வருமா? முழுதாக வரும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அனுமதி நீங்கள் கொடுத்ததுதான். ஆனால் உங்கள் பக்கம் வாதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. டார்க் பேட்டர்ன் என்று செய்திகளில் வருமே, அதுதான். அதில் பட்டியலிட்ட 13 வகைகளில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பது, சுற்றிச் சுற்றி அலைக்கழிப்பது, இலவசச் சந்தா கொடுக்கிறேன் என்று சொல்லி ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயமாக வாங்குவது எல்லாம் இதில் வருகின்றன. "நாங்கள் இலவசம் என்று சொல்லவில்லை, ஒரு ரூபாய் வாங்கினோம்" என்று நிறுவனம் வாதாடும். அந்த ஒரு ரூபாய்க்கு அப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அந்தச் செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதியில் செயலியை அழித்தீர்கள், அதன்பிறகு ஒருமுறைகூடப் பாட்டுக் கேட்கவில்லை, எந்தெந்தத் தேதியில் பணம் போனது என்று எழுதி, திருப்பித் தரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்பது அவர்கள் கணினியிலேயே பதிவாகியிருக்கும். கடைசி ஓரிரு மாதப் பணத்தையாவது சில நிறுவனங்கள் பேச்சில்லாமல் கொடுத்துவிடுகின்றன. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அங்கிருந்து நிறுவனத்துக்குப் புகார் போகும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் நிபந்தனைகளில் மும்பை நீதிமன்றம், குருகிராம் நீதிமன்றம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மலைத்துப் போகவேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், அதாவது வேலூரிலேயே. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனாலும், இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், 693 ரூபாய்க்காகத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாய்தாவுக்கு அலையாதீர்கள். 1915 வரை போங்கள், அதுவே பெரும்பாலும் போதும்.

119க்குப் போட்ட பின் நம்பரில் 149 எப்படிப் போகிறது?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதன் அடியில் இருக்கும் நினைப்பைக் கொஞ்சம் திருத்தவேண்டும். ஆட்டோபே அனுமதி கொடுக்கும்போது திரையில் இரண்டு தொகை இருக்கலாம். ஒன்று இன்றைக்கு எடுப்பது. இன்னொன்று அதிகபட்சம். "அதிகபட்சம் ரூ. 500 வரை" என்று இருந்தால், 119 எடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் நாளைக்கு 149 எடுப்பதற்கு உங்களிடம் புதிதாகப் பின் நம்பர் கேட்கவேண்டிய அவசியமில்லை. அதே தொகைதான் எடுக்கலாம் என்று நிலையான அனுமதியாக இருந்தால்தான் புது அனுமதி தேவை. ஆட்டோபே பகுதியில் அந்தச் சந்தாவைத் தொட்டால் எது என்று தெரிந்துவிடும். கணவர், மகள் இரண்டு பேருடையதையும் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வரவேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று அதில் இருக்கும். எஸ்எம்எஸ் ஆகவோ, மின்னஞ்சலாகவோ, யுபிஐ செயலியில் அறிவிப்பாகவோ வரலாம். "எந்த மெசேஜும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை போனில் மேன்டேட் என்றோ ஆட்டோபே என்றோ தேடிப் பாருங்கள். நகைக்கடன், ரியல் எஸ்டேட் மெசேஜ்களுக்கு நடுவே அது புதைந்து கிடக்க வாய்ப்பு அதிகம். உண்மையிலேயே வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே, செலவில்லாமல் புகார் செய்யலாம்.

விலையை ஏற்றும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது. பாட்டுச் சந்தாவுக்கு அரசு விலை நிர்ணயம் கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடிக்கும் எம்ஆர்பி விதி சேவைகளுக்குப் பொருந்தாது. பழைய வாடிக்கையாளர் என்பதற்காகப் பழைய விலையே கொடு என்று கேட்கவும் வழியில்லை. ஆனால் ஒரு காலத்துக்கு முழுப்பணத்தையும் வாங்கியபிறகு, நடுவில் வித்தியாசத்தைக் கொடு என்று உங்களிடம் கேட்க முடியாது. உங்கள் பயம் அதுதான் என்றால் அதை விட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்ந்த விலையையே முதலில் காட்டவேண்டும். முதலில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் வேறு விலை என்றால் அதுவும் நான் சொன்ன 13 ஏமாற்று வகைகளில் ஒன்று.

இன்னொரு எச்சரிக்கை. விலை உயர்வுச் செய்தி பரவும் நேரத்தில் "பழைய விலையைத் தக்கவைக்க இங்கே அழுத்தவும்" என்று போலி மெசேஜ் வரும். வாட்ஸ்அப்பில் வந்த எந்த லிங்க்கிலும் போய்ப் பணம் கட்டாதீர்கள். செயலியைத் திறந்து அதற்குள் என்ன விலை காட்டுகிறதோ அதுதான் உண்மை.

வருடச் சந்தா யாருக்கு லாபம்?

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 1,190ஐ 149ஆல் வகுத்தால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது வருடத்தில் எட்டு மாதமாவது விடாமல் கேட்கிறவருக்கு வருடச் சந்தா லாபம். அதற்குக் குறைவாகக் கேட்கிறவர், கேட்கும் மாதத்துக்கு மட்டும் கட்டிவிட்டு மற்ற மாதங்களில் நிறுத்திவைப்பதே மேல். உங்கள் கணவர் தினமும் ராணிப்பேட்டைக்குப் பஸ்ஸில் போகிறார், வருடம் முழுக்கக் கேட்கிறார். அவருக்கு எடுக்கலாம்.

மகளுக்கு வேண்டாம். அவள் கல்லூரி மாணவி, மாணவர் திட்டம் 79 ரூபாய்தான். வருடத்துக்கு 948. இதுவரை ஏன் 119 கட்டினாள் என்று தெரியவில்லை. சிரமம் பார்த்துவிட்டிருப்பாள், கல்லூரி அடையாள அட்டையைப் பதிவேற்றிச் சரிபார்க்கவேண்டும், பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கவேண்டும், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்கவேண்டும். பத்து நிமிட வேலைக்கு மாதம் 70 ரூபாய் மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள்.

இப்படிச் செய்தால் கணவருக்கு 1,190, மகளுக்கு 948, மொத்தம் 2,138 ரூபாய். எதையும் தொடாமல் விட்டிருந்தால், மறந்துபோன அந்த 99 ரூபாயும் சேர்த்து வருடத்துக்கு 4,764 போயிருக்கும்.

இதோடு குடும்பத் திட்டத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும். 229 வீதம் வருடத்துக்கு 2,748. கூடுதலாக 610 ரூபாய். அதற்கு நீங்களும் மகனும் சேர்ந்து நான்கு பேரும் கேட்கலாம், மாதாமாதம் என்பதால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, நீங்கள் தைக்கும்போது கேட்கிறீர்கள், பையன் யாரோ நண்பனின் கடவுச்சொல்லில் கேட்கிறான். அந்தக் கடவுச்சொல் சமாசாரத்தை நிறுத்தவே 610 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பையன் அடுத்த வருடம் பிளஸ் டூ, பாட்டே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் முதல் கணக்கே சரி. இது வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை.

முன்பணமாகக் கட்டுவதில் ஒரு ஆபத்தையும் சொல்லவேண்டும். ரெஸ்ஸோ என்ற செயலி 2024 ஜனவரி 31 அன்று இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே வருடம் ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. கானா 2022ல் இலவசமாகக் கேட்பதையே நிறுத்தி, காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று மாறியது. பெரிய பெயர்கள்தான் இவை. அதனால் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று சலுகை காட்டினாலும் ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள். குடும்பத் திட்டமும் என்றைக்கும் இதே விலையில் இருக்காது. 2024 ஆகஸ்டில் யூடியூப் பிரீமியம் இந்தியாவில் தனிநபர் விலையை 129லிருந்து 149 ஆக்கியபோது, குடும்பத் திட்டத்தை 189லிருந்து ஒரே தாவலாக 299 ஆக்கியது.

வருடச் சந்தா எடுப்பதென்றால் வரிசை முக்கியம். கணவருடைய மாதச் சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது வருடத் திட்டத்துக்கு மாற முடியுமா என்று செயலியில் பாருங்கள். சிலவற்றில் நடப்பு மாதம் முடிந்தபிறகே புதுத் திட்டம் தொடங்கும், அதற்குள் முதல் தேதி தாண்டிவிட்டால் பழைய விலை போய்விடும். முடியும் என்றால் வாங்குங்கள், வாங்கியதும் பழைய 119 ரூபாய் ஆட்டோபே நீங்கிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் மிச்சம் எல்லாம் அதிலேயே போய்விடும். வருடச் சந்தாவும் தானாகவே புதுப்பிக்கப்படுவதாக இருக்கலாம். அடுத்த வருடம் புது விலையில் ஒரே தடவையாக ஆயிரத்துச் சொச்சம் போகும். ஆட்டோபே இல்லாமல் ஒரே தடவை கட்டும் வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பரிசு அட்டை வாங்கிவைத்துக்கொண்டால் விலை உயர்வு நம்மைத் தொடாது என்றும் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அட்டை எதற்கு என்பதைப் பொறுத்தது அது. 'மூன்று மாதச் சந்தா' என்று மாதக் கணக்கில் இருந்தால் பலன் உண்டு. '500 ரூபாய்' என்று பணக் கணக்கில் இருந்தால் நாளைக்குப் புது விலையில்தான் கழியும். சில அட்டைகள் தனிநபர் திட்டத்துக்கு மட்டுமே செல்லும் என்பதையும் வாங்குமுன் படித்துவிடுங்கள்.

தம்பிக்குச் சிங்கப்பூரிலிருந்து கட்டவேண்டிய வேலையே இல்லை. பாட்டுச் செயலிகளுக்கு உலகத்திலேயே விலை குறைந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. அங்கிருக்கிறவர்கள்தான் இந்திய விலையில் வாங்க, இந்தியாவில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கிறார்கள். அப்படி வேறு நாட்டிலிருந்து வாங்கிய பிரீமியம் சந்தாக்களை 2024ல் யூடியூப் ரத்து செய்தது செய்தியாக வந்தது. தம்பியை உங்கள் குடும்பத் திட்டத்தில் சேர்க்கவும் வேண்டாம். ஒரே முகவரி என்ற நிபந்தனைக்கு அவர் ஒத்துவர மாட்டார்.

தோழிகளின் திட்டமும் டெலிகிராம்காரரும்

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பயப்படுகிறீர்கள். சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல.

ஆறு தோழிகள் சேர்ந்து குடும்பத் திட்டம் எடுத்தால் போலீஸ் வராது. அது ஒப்பந்த மீறல். குடும்பத் திட்டம் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு என்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டுமே நிபந்தனை வைத்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் முகவரியைக் கேட்பார்கள், ஒத்துவராவிட்டால் நீக்குவார்கள். அப்போது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க நம்மிடம் பெரிய நியாயம் இருக்காது. அதைவிட நடைமுறைத் தொந்தரவு, ஆறு பேருக்கும் சேர்த்து ஒருத்தியின் கணக்கிலிருந்துதான் பணம் போகும். மூன்று மாதம் கழித்து இரண்டு பேர் கொடுக்க மாட்டார்கள். உங்கள் மகள் பெயரில் அந்தத் திட்டம் இருக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் வீட்டில் நான்கு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது அவளுக்கு அது தேவையும் இல்லை.

டெலிகிராமில் 399 ரூபாய்க்கு விற்பவர் விஷயம் வேறு. அவர் கொடுப்பது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். யாருடைய கார்டையோ திருடி வாங்கியதாக இருக்கலாம், யாருடைய கடவுச்சொல்லையோ எடுத்ததாக இருக்கலாம். பில் கிடையாது, முகவரி கிடையாது. பத்து நாளில் வேலை செய்யாமல் போனால் யார்மேல் புகார் கொடுப்பீர்கள்? நுகர்வோர் ஆணையத்துக்கும் எதிர்த்தரப்பு என்று ஒருவர் வேண்டுமே. அடுத்தவர் கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. விவரம் தெரியாமல் வாங்கியவரை உடனே பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் விசாரணையில் உங்கள் யுபிஐ எண் வந்து நிற்கும். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டு ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

காசு கட்டாமலே எல்லாம் கிடைக்கும்படி யாரோ பூட்டுடைத்து மாற்றிய பாட்டுச் செயலி ஒன்றைப் பையன் போனில் ஏற்றியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிய அந்தச் செயலி போனில் வேறு என்னென்ன படிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதே போனில் நீங்கள் யுபிஐ வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம்

"பாட்டையெல்லாம் டவுன்லோடு செய்துகொண்டு சந்தாவை நிறுத்திவிடுவோம்" என்று கணவர் சொன்னதாக ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. செயலிக்குள் இறக்கிய பாட்டு அந்தச் செயலியில் மட்டும்தான், அதுவும் சந்தா இருக்கும்வரைதான் பாடும். சந்தா முடிந்தால் பூட்டிக்கொள்ளும். நாம் கட்டுவது கேட்பதற்கான வாடகை, பாட்டு நமக்குச் சொந்தமாவதில்லை.

இரண்டாவது உங்கள் கடை. தையல் கடையில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், வருகிறவர்கள் ரசிப்பார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சந்தாக்கள் எல்லாமே சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையில் வருபவை. வாடிக்கையாளர் வரும் இடத்தில் ஒலிக்கவிடுவதற்குத் தனி உரிமம் வேண்டும். ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகள் அதற்குப் பணம் வசூலிக்கின்றன, ஹோட்டல்களுக்கும் துணிக்கடைகளுக்கும் நோட்டீஸ் அனுப்புகின்றன. வீட்டு முன்னறையில் ஒற்றை மெஷின் வைத்திருக்கும் உங்களைத் தேடி யாரும் காட்பாடிக்கு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் "காசு கட்டித்தானே கேட்கிறோம்" என்பது சட்டத்தில் பதிலாகாது. தைக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. பிற்பாடு பஜாரில் பெரிய கடையாகப் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று பார்க்கவேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட பாட்டு ஏதாவது சும்மா கிடக்கிறதா? அமேசான் பிரைம் வருடச் சந்தா இருந்தால் அதோடு பாட்டும் வருகிறது. சில போஸ்ட்பெய்டு, பிராட்பேண்ட் திட்டங்களிலும் ஒரு பாட்டுச் செயலியைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், இதை உங்கள் பிராட்பேண்ட்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். யூடியூபில் மலிவாக இருக்கிறது என்று லைட் திட்டத்தை எடுத்துவிடாதீர்கள், அதில் பாட்டுகளுக்கு விளம்பரம் வரும். பழைய பாட்டுதான் வேண்டும், எது வந்தாலும் கேட்பேன் என்றால் ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் தமிழ் வானொலி நிலையங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. உங்கள் தையல் நேரத்துக்கு அதுவே போதுமோ என்று தோன்றுகிறது. அப்படியானால் குடும்பத் திட்டம் வேண்டாம், 2,138 ரூபாய்க் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று மாலை ஆட்டோபே பட்டியலைப் பார்த்து 99 ரூபாய் சந்தாவை நிறுத்துங்கள். அதற்கு மின்னஞ்சல் அனுப்பும்போது பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அனுப்பவேண்டும். 1915ல் பேசினால் புகார் எண் ஒன்று தருவார்கள், அதைத் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் பதில் எதுவும் வராவிட்டால் அந்த எண்ணோடு மறுபடி எனக்கு எழுதுங்கள், ஆணையத்துக்கான புகாரை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.